பாம்பு, பல்லி, ஆமை: உங்களுக்கு இந்த ஆர்வம் முதலில் எப்படி வந்தது?

மழைக்குருவி (ஸ்கார்பரோ, டொராண்டோ)

எல்லோருக்கும் வணக்கம். என் மகளுக்குப் பதினொரு வயது. போன வருடத்திலிருந்து கார்ன் ஸ்நேக் என்ற விஷமில்லாத பாம்பை வளர்க்க வேண்டும் என்று கேட்டுக்கொண்டே இருக்கிறாள். வகுப்புத் தோழி வீட்டில் ஒன்று இருக்கிறதாம், கையில் வாங்கிப் பார்த்திருக்கிறாள். அன்றிலிருந்து நூலகத்தில் எடுத்து வருவதெல்லாம் பாம்புப் புத்தகம்தான்.

எங்கள் வீட்டில் இதற்கு முன்கதை எதுவும் கிடையாது. அம்மா இன்றைக்கும் விளக்கு வைத்த பிறகு பாம்புப் பேச்சை எடுக்க விடமாட்டார். கணவர் நாய் என்றால் சரி என்கிறார், இதற்குப் பிடி கொடுக்க மாட்டேன் என்கிறார். கார்ன் ஸ்நேக் பதினைந்து, இருபது வருடம் இருக்கும் என்று படித்தேன். அவள் படிப்பு முடித்து வேலைக்குப் போன பிறகும் அது நம் வீட்டில் இருக்கும்.

அதனால் வாங்கலாமா என்று கேட்பதற்கு முன்னால் இதைக் கேட்கிறேன். ஊர்வன மேல் உங்களுக்கு ஆர்வம் எப்படி வந்தது? எது நிலைத்தது, எது பாதியில் போனது? கொஞ்சம் விரிவாகவே சொல்லுங்கள்.

கிண்டிவாசி (சென்னை)

நல்ல கேள்வி அம்மா. நான் பாம்பு வளர்த்ததில்லை, ஆனால் பாம்பு பார்ப்பதை விட்டதும் இல்லை. தொடக்கம் கிண்டி பாம்புப் பண்ணை. எங்கள் காலத்தில் பள்ளிச் சுற்றுலா என்றால் சிறுவர் பூங்கா, அப்படியே பக்கத்தில் பாம்புப் பண்ணை. சிமெண்ட் தொட்டிக்குள் ஊழியர் இறங்கி நின்று, கம்பியால் பாம்பைத் தூக்கிக் காட்டிப் பேசுவார். எது நல்ல பாம்பு, எது சாரை, கட்டுவிரியனின் வெள்ளை வளையம் எப்படி இருக்கும், கண்ணாடி விரியன் எப்படிச் சீறும் என்றெல்லாம் சொல்வார். கத்தாமல், பயமுறுத்தாமல், வாத்தியார் கணக்கு சொல்லித் தருவது போலச் சொன்னார்.

பிறகு ஒரு சாரையைத் தொட்டுப் பார்க்கச் சொன்னார். பிசுபிசு என்று இருக்கும் என்று நினைத்துத்தான் விரலை வைத்தேன். உலர்ந்து, சில்லென்று இருந்தது. செதிலுக்கு அடியில் தசை ஒரு பக்கமிருந்து இன்னொரு பக்கம் நகர்ந்து போவது விரலுக்குத் தெரிந்தது. அந்த ஆர்வம் அதன் பிறகு போகவே இல்லை.

அந்தப் பண்ணையை 1972இல் அமைத்தவர் ராமுலஸ் விட்டேகர். 1943இல் நியூயார்க்கில் பிறந்தவர். சின்னப் பையனாக இருந்தபோது பாம்பைப் பிடித்துக்கொண்டு வீட்டுக்குப் போயிருக்கிறார். அவருடைய அம்மா அலறவில்லை, ரசித்துப் பார்த்தார், பாம்பு பற்றிய புத்தகமும் வாங்கிக் கொடுத்தார். 1951இல் குடும்பம் இந்தியாவுக்கு வந்தது, பையன் கொடைக்கானலில் படித்தான். பெரியவனாகி அமெரிக்கா போய், மயாமியில் பில் ஹாஸ்ட் நடத்திய பாம்பு நிலையத்தில் வேலை பார்த்துவிட்டுத் திரும்பி வந்தார். கிண்டிப் பண்ணை, அப்புறம் 1976இல் வடநெம்மேலியில் முதலைப் பண்ணை. 2018இல் பத்மஸ்ரீ கொடுத்தார்கள்.

இவ்வளவுக்கும் பின்னால் நான் பார்ப்பது அந்த அம்மாவைத்தான். அன்றைக்கு அவர் துடைப்பத்தை எடுத்திருந்தால் இங்கே பாதிக் கதை நடந்திருக்காது. உங்கள் மகள் விஷயத்திலும் அந்த இடத்தில் இருப்பவர் நீங்கள்தான்.

ஊர்சுற்றி (வின்னிபெக்)

எனக்கு நார்சிஸ். வின்னிபெக்குக்கு வடக்கே இருக்கிறது. ஏப்ரல் கடைசியில், மே மாதத்தில் பனி விலகும்போது சுண்ணாம்புப் பாறைப் பள்ளங்களிலிருந்து பல்லாயிரக்கணக்கான கார்ட்டர் பாம்புகள் வெளியே வரும். குளிர்காலம் முழுக்க உறைபனிக்குக் கீழே ஒன்றாகக் கிடந்தவை. ஒரு பெட்டைப் பாம்பைச் சுற்றிப் பந்தாக எத்தனையோ ஆண் பாம்புகள். நண்பர்கள் இழுத்துக்கொண்டு போனார்கள். பக்கத்தில் கனடியக் குழந்தைகள் குந்தி உட்கார்ந்து விரல் நீட்டிக்கொண்டிருந்தார்கள். அவர்களைப் பார்த்த பிறகுதான் எனக்குக் கால் தரையில் நின்றது. இப்போது ஒவ்வொரு வசந்தத்திலும் போகிறேன். வீட்டில் வளர்க்கத் தோன்றியதே இல்லை.

ரூர்க்கரை (டோர்ட்முண்ட், ஜெர்மனி)

அக்கா, நான் வளர்க்கிற ஆள். கார்ன் ஸ்நேக், லெபர்ட் கெக்கோ என்ற பல்லி, இரண்டும் இருக்கு. அதனால் எங்கட பக்கத்தையும் சொல்லிவிடுகிறேன்.

சின்ன வயதில் யாழ்ப்பாணத்தை விட்டு வந்துவிட்டோம். அங்கே பாம்பு என்றால் ஒன்று கோயில் நாகம், இல்லையென்றால் கிணற்றடியில் அடித்துப் போட்ட புடையன் (கண்ணாடி விரியன்). நடுவில் வேறொன்றும் கிடையாது. நயினாதீவு நாகபூசணி அம்மனைக் கும்பிட்டுவிட்டு வந்து வீட்டுக் கோடியில் கண்ட பாம்பைத் தடியால் அடிப்பார்கள். இரண்டும் ஒரே ஆட்கள்.

ஹாம் நகரம் ஜெர்மனியில் இருக்கிற தமிழ் ஆட்கள் எல்லோருக்கும் தெரியும். ஸ்ரீ காமாட்சி அம்பாள் கோயில் அங்கேதான், 2002இல் குடமுழுக்கு நடந்தது. வருடா வருடம் தேருக்குப் போவோம். அதே ஹாமில்தான் டெராரிஸ்டிகா சந்தை வருடத்துக்கு நாலு தடவை நடக்குது. உலகத்திலேயே பெரிய ஊர்வனச் சந்தைகளில் ஒன்று. என்னோடு வேலை செய்த ஒரு ஜெர்மன் மனிதர் கூட்டிக்கொண்டு போனார். மண்டபம் மண்டபமாகப் பிளாஸ்டிக் டப்பாக்கள், ஒவ்வொன்றிலும் ஒரு உயிர், மேலே இனப்பெயரும் பிறந்த ஆண்டும் எழுதியிருக்கும்.

என்னைப் பிடித்து நிறுத்தியது பாம்பு இல்லை. ஒரு லெபர்ட் கெக்கோ. எங்கட ஊர்ச் சுவர்ப் பல்லிக்கு இமை கிடையாது, நாக்கால் கண்ணை நக்கித் துடைக்கும். இது என்னைப் பார்த்து மெதுவாகக் கண்ணை மூடித் திறந்தது. விரலில் ஒட்டும் தகடும் இல்லை, சின்னச் சின்ன நகம். விற்றவர் ஒரு வயதான பெண்மணி. அன்றைக்கு எனக்கு விற்கவே மாட்டேன் என்றார். முதலில் பெட்டியைத் தயார் செய், வெப்பத்தை ஒரு கிழமை அளந்து பார், அடுத்த சந்தைக்கு வா என்றார். மூன்று மாதம் கழித்துத்தான் வாங்கினேன். அந்த மூன்று மாதத்தில் படித்ததுதான் இன்றைக்கும் கைகொடுக்குது. மகளுக்கும் இதையே செய்யுங்கோ. பெட்டியை முதலில் வாங்கி, பாம்பு இல்லாமலே அவள் பராமரிக்கட்டும்.

செங்கல்பட்டான் (செங்கல்பட்டு)

ரூர்க்கரை அண்ணா சொன்னதில் ஒரு பகுதி எனக்கு ஒட்டவில்லை, அதைக் கடைசியில் சொல்கிறேன்.

எனக்கு இந்த ஆர்வம் வந்தது பாம்பு பிடிக்கும் இருளர் பழங்குடியினரால். எங்கள் வயல் வரப்பில் எலி வளை தோண்ட வரும் ஒரு பெரியவர், மண்ணில் பாம்பு போன தடத்தைக் காட்டுவார். எனக்கு வெறும் மண் தெரியும். அவருக்கு எந்தப் பாம்பு, எந்தப் பக்கம் போனது, எவ்வளவு நேரம் ஆனது என்பதெல்லாம் தெரியும். வளை வாயில் ஒட்டியிருக்கும் சின்னப் பாம்புச் சட்டைத் துண்டை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, நாகம் என்றார். கடப்பாரையால் பக்கவாட்டில் கொஞ்சம் கொஞ்சமாகக் கொத்தினார். நாகம்தான் வந்தது.

ஒரு காலத்தில் அவர்கள் தோலுக்காகப் பாம்பு பிடித்தவர்கள். 1972 வனவிலங்குச் சட்டம் வந்து தோல் வியாபாரம் நின்றபோது பிழைப்பே போயிற்று. விட்டேகர் இந்த மக்களோடு சேர்ந்து 1978இல் இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். வடநெம்மேலி முதலைப் பண்ணைக்குள்ளேயே இருக்கிறது, போய்ப் பாருங்கள். நாகம், கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் நாலும் மண்பானைக்குள் இருக்கும், பானை வாயில் துணி கட்டியிருக்கும். விஷமுறிவு மருந்து செய்ய வாரத்துக்கு ஒரு தடவை விஷம் எடுப்பார்கள். நாலு தடவை எடுத்ததும் வயிற்றுச் செதிலில் அடையாளமாகச் சின்ன வெட்டு போட்டு, காட்டில் விட்டுவிடுவார்கள். அந்த அடையாளம் இருக்கும் பாம்பு மறுபடி சிக்கினால் எடுக்க மாட்டார்கள். இந்தியாவில் பாம்புக்கடிக்கு ஊசி போட்டுப் பிழைத்த யாருக்கும் இவர்களோடு ஒரு தொடர்பு இருக்க வாய்ப்பு அதிகம்.

2017இல் இருளர்களான மாசி சடையனும் வடிவேல் கோபாலும் அமெரிக்காவின் ஃபுளோரிடாவுக்கு அழைக்கப்பட்டார்கள். எவர்கிளேட்ஸ் சதுப்பில் பர்மிய மலைப்பாம்பு பெருகி, அங்கே இருந்த சிறு விலங்குகளையெல்லாம் தின்று தீர்த்துக்கொண்டிருந்தது. அந்த ஊர் ஆட்கள் கண்டுபிடிக்கத் திணறிய இடத்தில் இவர்கள் குழு இரண்டு வாரத்துக்குள் 13 பாம்பு பிடித்தது. 2023இல் இருவருக்கும் பத்மஸ்ரீ. சரி, அந்த மலைப்பாம்பு ஃபுளோரிடாவுக்கு எப்படிப் போயிற்று? செல்லப் பிராணியாக வாங்கப்பட்டவை. தப்பிப் போனவையும் உண்டு, வளர்க்க முடியாமல் விடப்பட்டவையும் உண்டு. 2012இல் இறக்குமதிக்குத் தடை போட்டார்கள், அதற்குள் காரியம் கைமீறிவிட்டது.

அதனால்தான் அண்ணா, ஆர்வம் வந்தால் அடுத்த படி வாங்குவது என்று ஏன் இருக்க வேண்டும்? பார்ப்பதோடு நின்றாலும் அது முழு ஆர்வம்தான்.

கரிசல் (கோவில்பட்டி)

எங்கள் பக்கம் சிறுவர்களுக்கு முதல் ஊர்வன ஓணான்தான். தென்னை ஈர்க்கில் சுருக்குப் போட்டு ஓணான் பிடிப்போம். ராமருக்கு அணில் உதவி செய்தது, ஓணான் கெடுதல் செய்தது, அதனால் அடிக்கலாம் என்று ஒரு கதை வேறு சொல்லி வைத்திருப்பார்கள். எங்கள் அறிவியல் ஆசிரியர் ஒருநாள் சுருக்கில் தொங்கிய ஓணானை வாங்கி, கழுத்தைத் தளர்த்தி, உள்ளங்கையில் வைத்து எல்லோரையும் பார்க்கச் சொன்னார். இரண்டு கண்ணும் எப்படி நம்மையே தொடர்கிறது பாருங்கடா என்றார். தொண்டைச் சிவப்பு மங்கிப் பழுப்பாவதையும் காட்டினார். அடிக்காதே என்று ஒரு சொல் சொல்லவில்லை. எங்கள் வகுப்பில் அதோடு ஓணான் வேட்டை நின்றது.

கண்ணாடிப் பெட்டியில் அடைத்து வைப்பதை என்னால் ஏற்க முடியவில்லை. வயலில் ஓடும் சாரையைப் பார்த்தவனுக்கு அது மனசுக்கு ஒவ்வாது.

நீலநாக்கு (மெல்பர்ன்)

அரணை கடித்தால் மரணம் என்று சொல்லி வளர்த்தார் எங்கள் ஆச்சி. அரணையைக் கண்டால் ஊரே தள்ளி நிற்கும். உண்மையில் அதற்கு விஷமே கிடையாது.

மெல்பர்னில் வீடு வாங்கிய முதல் கோடையில் தோட்டத்தில் ஒரு அடிக்கு மேல் நீளமாக ஒன்று வெயில் காய்ந்துகொண்டிருந்தது. பளபளப்பான தடித்த உடம்பு, குட்டைக் கால். ஆச்சி சொன்ன அதே அரணைக் குடும்பம், ஆனால் இரண்டு மூன்று மடங்கு பெரியது. நீலநாக்கு அரணை. கிட்டப் போனதும் வாயை அகலத் திறந்து நல்ல நீல நிற நாக்கை முழுசாக நீட்டி உஸ் என்றது. வேலிக்கு அந்தப் பக்கமிருந்து அடுத்த வீட்டு அம்மா எட்டிப் பார்த்து, நத்தை தின்ன வந்திருக்கிறது, விட்டுவிடுங்கள், உங்கள் கீரைச் செடி பிழைக்கும் என்று சொல்லிவிட்டுத் துணி காயப்போடப் போய்விட்டார். அந்தச் சாதாரணம்தான் என்னை மாற்றியது. அடுத்த வருடம் அது குட்டிகளோடு இருந்தது, முட்டை இடுவதில்லை, குட்டிதான் போடும்.

பிறகு பையன் கேட்டான் என்று, உரிமம் எடுத்து, வளர்ப்பில் பிறந்த ஒரு மத்திய ஆஸ்திரேலியத் தாடி ஓணானை வாங்கினோம். இங்கே விதி கடுமையானது. காட்டிலிருந்து எடுக்கக் கூடாது, பெரும்பாலான இனங்களுக்கு மாநில உரிமம் வேண்டும், வெளிநாட்டு ஊர்வன எதையும் தனியார் வளர்க்கக் கூடாது. மழைக்குருவி அக்கா கேட்கும் கார்ன் ஸ்நேக்கை நான் இங்கே வைத்திருந்தால் பறிமுதல் செய்துவிடுவார்கள். இன்னொரு பக்கம், ஆஸ்திரேலியா 1960களிலேயே தன் விலங்குகளை வணிகத்துக்கு ஏற்றுமதி செய்வதை நிறுத்திவிட்டது. அப்படியானால் ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் கடைக்குக் கடை இருக்கும் தாடி ஓணானின் முன்னோர்கள் எப்படிப் போயிருப்பார்கள் என்று யோசித்துப் பாருங்கள்.

எங்களுடையது சின்னதாக இருந்தபோது பெரிய நிழலைக் கண்டால் ஒரு முன்காலை மட்டும் தூக்கி மெதுவாக வட்டமாக ஆட்டும். நான் சின்னவன், சண்டைக்கு வரவில்லை என்று அர்த்தம். பையன் இன்றைக்கும் அதற்குப் பதிலுக்குக் கையாட்டுகிறான்.

பச்சைக்கிளி (சிங்கப்பூர்)

இங்கே பேச்சே இல்லை. சிவப்புக் காது ஆமையும் மலாயப் பெட்டி ஆமையும் தவிர வேறு ஊர்வன எதுவும் வீட்டில் வைக்கக் கூடாது. எனக்கு ஆர்வம் வந்தது மிருகக்காட்சிசாலையில், அங்கேயே வைத்துக்கொண்டேன். பீஷான் பூங்காப் பக்கம் காலையில் நடந்தால் உடும்பு தானாகவே குறுக்கே வரும்.

மருந்துப்பெட்டி (லெஸ்டர், இங்கிலாந்து)

கால்நடை மருத்துவமனையில் நர்ஸாக இருக்கிறேன். என்னுடைய தொடக்கம் உங்கள் எல்லோருடையதையும் போல இனிமையானது இல்லை. வேலையில் சேர்ந்த புதிதில் பச்சை இகுவானா என்ற பெரிய ஓணான் வகை ஒன்றைக் கொண்டு வந்தார்கள். கீழ்த்தாடை ரப்பர் மாதிரி வளைந்தது. பின்கால் எலும்பு வீங்கி வளைந்திருந்தது. வாங்கிய கடையில் விளக்கு எதுவும் தேவையில்லை, கீரை போட்டால் போதும் என்று சொல்லி அனுப்பியிருக்கிறார்கள்.

பகலில் வெயில் காயும் இனங்களுக்குப் புற ஊதா பி கதிர் வேண்டும். அது தோலில் பட்டால்தான் உடம்பு வைட்டமின் டி3 செய்யும், டி3 இருந்தால்தான் தின்ற கால்சியம் எலும்புக்குப் போகும். ஜன்னல் கண்ணாடி வழியாக வரும் வெயிலில் அந்தக் கதிர் பெரும்பாலும் வடிகட்டப்பட்டுவிடும். விளக்கு எரிந்துகொண்டே இருந்தாலும் அதிலிருந்து வரும் கதிர் மாதம் போகப் போகக் குறையும், அதனால் எரிகிற விளக்கையே மாற்ற வேண்டும். கடையில் சொல்லியிருக்க வேண்டிய ஐந்து நிமிட விஷயம். அந்த இகுவானா பிழைத்தது, ஆனால் கால் நேராகவில்லை. அதற்குக் கையால் மருந்து புகட்டிய வாரங்களில்தான் நான் முதல்முறையாக ஒரு ஊர்வனவைக் கிட்டத்தில் கவனித்தேன். என் குரல் கேட்டால் தலையைத் திருப்பும். அதற்குப் பிறகு ஊர்வனப் பிரிவிலேயே இருக்கிறேன்.

எங்களிடம் வருகிறவர்களில் ஒன்று கவனித்திருக்கிறேன். டைனோசர் படம் வந்து ஓடினால் பல்லி, ஓணான் கேட்டு வருவார்கள். ஆமை வீரர்கள் கார்ட்டூன் ஓடிய காலத்தில் குட்டி ஆமைகள் போன போக்கை மூத்த மருத்துவர்கள் இன்றும் சொல்வார்கள். உள்ளங்கை அளவில் வாங்கிய சிவப்புக் காது ஆமை சாப்பாட்டுத் தட்டு அளவுக்கு வளர்ந்ததும் குளத்தில் விட்டுவிடுவார்கள். அமெரிக்காவில் 1975லேயே நாலு அங்குலத்துக்குக் குறைந்த ஓட்டுள்ள ஆமைகளை விற்கத் தடை போட்டார்கள், குழந்தைகளுக்கு சால்மொனெல்லா என்ற குடல் கிருமித் தொற்று வந்ததால். ஐரோப்பிய ஒன்றியம் 1997இல் சிவப்புக் காது ஆமை இறக்குமதியை நிறுத்தியது. படம் பார்த்து வந்த ஆசை அந்தப் படம் மறக்கும்போது போய்விடுகிறது, உயிர் மட்டும் மிச்சமிருக்கிறது.

மழைக்குருவி, உங்கள் மகள் திரையில் பார்த்து வரவில்லை, கையில் பிடித்துவிட்டு வந்திருக்கிறாள், அதன் பிறகு ஒரு வருடம் படித்திருக்கிறாள். அது வேறு வகை. தொட்டால் சோப்புப் போட்டுக் கை கழுவுவது, சமையலறை சிங்க்கில் எதையும் கழுவாமல் இருப்பது, இந்த இரண்டையும் இப்போதே பழக்குங்கள்.

எழுத்தாணி (மதுரை)

கிண்டிவாசி ஐயாவும் நீலநாக்கும் சொன்னதற்கு ஆராய்ச்சியிலேயே ஆதாரம் இருக்கிறது. உளவியல் பாடம் நடத்துகிறவன் என்பதால் சொல்கிறேன்.

1980களில் சூசன் மினேக்காவும் மைக்கேல் குக்கும் விஸ்கான்சினில் ரீசஸ் குரங்குகளை வைத்து ஆராய்ந்தார்கள். காட்டில் வளர்ந்த குரங்குகள் பாம்பைக் கண்டால் நடுங்கின. ஆய்வகத்தில் பிறந்து வளர்ந்தவை கண்டுகொள்ளவில்லை. ஆனால் ஒரு பெரிய குரங்கு பாம்பைக் கண்டு அலறுவதைக் கொஞ்ச நேரம் பார்த்ததுமே இவையும் பயப்படத் தொடங்கின, மாதக்கணக்கில் அந்தப் பயம் போகவில்லை. காணொளியைத் திருத்தி, பூவைக் கண்டு குரங்கு அலறுவது போலக் காட்டினால் பூவுக்குப் பயப்படக் கற்கவில்லை. அதாவது பாம்புப் பயத்தைச் சீக்கிரம் கற்கும் தயார்நிலை உள்ளே இருக்கிறது, பயம் வருவது மற்றவர்களைப் பார்த்து.

எனக்கு மிகவும் பிடித்தது அவர்களுடைய இன்னொரு ஆராய்ச்சி. சில ஆய்வகக் குரங்குகளுக்கு முதலிலேயே, பாம்பு பக்கத்தில் இருந்தும் அமைதியாக இருக்கும் குரங்கைக் காட்டினார்கள். பிறகு அலறும் குரங்கைக் காட்டினார்கள். அவற்றில் பெரும்பாலானவை பயப்படக் கற்கவே இல்லை. அமைதியை முதலில் பார்த்தது தடுப்பூசி போல வேலை செய்தது.

இந்த இழையை மேலிருந்து படித்துப் பாருங்கள். பண்ணை ஊழியர், எலி பிடிக்க வந்த பெரியவர், அறிவியல் ஆசிரியர், துணி காயப்போட்ட அடுத்த வீட்டு அம்மா, விற்க மறுத்த பெண்மணி. அநேகமாக எல்லோர் கதையிலும் பாம்போ பல்லியோ பார்த்த அன்றைக்குப் பக்கத்தில் பதறாத ஒருவர் நின்றிருக்கிறார்.

கோவைத்தம்பி (கோயம்புத்தூர்)

நான் காணொளி பார்த்து வந்தவன்தான், வெட்கப்படவில்லை. எங்கள் தெருவில் பாம்பு தெரிந்த ஆள் யாரும் கிடையாது. பால் பைத்தான் (ball python) என்ற ஆப்பிரிக்க மலைப்பாம்பை அந்தக் காணொளிகளில்தான் முதலில் பார்த்தேன். பயந்தால் தலையை நடுவில் வைத்துப் பந்தாகச் சுருண்டுகொள்ளும். கடிக்க வராமல் ஒளிந்துகொள்ளும் பாம்பு இருக்கிறது என்பதே எனக்குப் புதிது. அதைப் பார்த்த பிறகு எங்கள் ஊர்ப் பாம்புகளையும் படித்தேன். கொம்பேறி மூக்கன் கடித்துவிட்டு மரத்தில் ஏறிச் சுடுகாட்டுப் புகையைப் பார்க்கும் என்று பாட்டி சொன்னதெல்லாம் கதை என்று தெரிந்துகொண்டேன். இங்கே ஒரு பால் பைத்தான் வாங்க முடியுமா? சமூக ஊடகத்தில் ஒருவர் தருகிறேன் என்கிறார்.

செங்கல்பட்டான்

தம்பி, காணொளியில் வந்ததற்காக யாரும் உன்னைக் குறைவாக நினைக்கவில்லை. ஆனால் அந்த ஆளிடம் வாங்காதே.

நம் நாட்டுப் பாம்பு, உடும்பு, நட்சத்திர ஆமை எதையும் வீட்டில் வைக்க முடியாது, சட்டப்படி குற்றம். மண்ணுளிப் பாம்பை இருதலைப் பாம்பு, அதிர்ஷ்டம் வரும் என்று சொல்லி லட்சக்கணக்கில் பேரம் பேசி மாட்டிக்கொண்டவர்கள் நிறையப் பேர். வெளிநாட்டு இனங்களில், காட்டுயிர்களின் பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் ஒப்பந்தப் பட்டியலில் உள்ளவற்றை, பால் பைத்தானும் அதில் வரும், 2024 விதிகளின்படி மத்திய அரசின் பரிவேஷ் இணையதளத்தில் பதிவு செய்தாக வேண்டும். ஆவணம் காட்ட முடியாத விலங்கு எப்படி வந்திருக்கும் என்று நீயே பார். சென்னை விமான நிலையத்தில் பாங்காக் பயணிகளின் பெட்டியில் துணிப்பைக்குள் கட்டிக் கொண்டு வந்த பால் பைத்தான் குட்டிகளைச் சுங்கத்துறை அடிக்கடி பிடிக்கிறது. சிலது செத்தே வரும்.

உனக்குப் பாம்பு தெரிந்த ஆள்தானே வேண்டும்? ஒரு ஞாயிற்றுக்கிழமை வடநெம்மேலிக்கு வா, நான் கூட்டிப் போகிறேன்.

ரூர்க்கரை

கோவைத்தம்பிக்கு நானும் அதையேதான் சொல்வேன். செங்கல்பட்டான் கேட்டதற்கும் பதில் சொல்ல வேண்டும்.

பர்மிய மலைப்பாம்பு பற்றி நீங்கள் சொன்னது முழுக்கச் சரி. இங்கேயும் நடந்தது. 2019இல் பக்கத்து நகரமான ஹேர்னேயில் ஒருவர் வீட்டு நாகம் தப்பி, குடியிருப்பையே காலி செய்ய வேண்டி வந்தது. அதற்குப் பிறகு எங்கட மாநிலத்தில் 2021 முதல் விஷப் பாம்பு புதிதாக வளர்க்கத் தடை. நான் அதை ஆதரித்தேன். பால் பைத்தான் வியாபாரத்திலும் எனக்குக் கோபம் உண்டு. கானா, டோகோ, பெனின் நாடுகளிலிருந்து வருடா வருடம் ஆயிரக்கணக்கில் ஏற்றுமதி. 1992இல் முதல் அல்பினோவை, அதாவது கருநிறமி இல்லாத பாம்பை, வளர்ப்பில் பிறக்க வைத்த பிறகு நிறத்துக்காக ஒரு பெரிய பந்தயமே தொடங்கிவிட்டது. ஸ்பைடர் என்று ஒரு நிறவகை இருக்கு. அந்த மரபணுவோடு பிறக்கும் பாம்புக்குத் தலை நடுங்கும், சிலதுக்கு எலியைக் குறி பார்த்துக் கொத்தவே வராது. அழகாக இருக்குது என்று அதையும் வாங்குகிறார்கள். அது விலங்கு மேல் உள்ள ஆர்வம் இல்லை.

ஆனால் தம்பி, மண்ணைப் பார்த்துத் தடம் சொல்லும் பெரியவர் உங்களுக்குக் கிடைத்தார். டோர்ட்முண்டில் நாலாம் மாடியில் வளரும் என் மகனுக்கு அவர் கிடைக்க மாட்டார். அவனுக்குக் கிடைத்தது வீட்டில் இருக்கும் கார்ன் ஸ்நேக். தோல் உரிக்கப் போகும்போது கண் நீலமாக மங்கும். அப்போது அதற்குச் சரியாகப் பார்வை இருக்காது, தொடக்கூடாது. சில நாளில் கண் தெளியும், அதற்கும் சில நாள் கழித்து உதட்டோரத்தில் தோல் பிரியத் தொடங்கும். கண் மங்கியதைக் கண்டதும் எங்கட பெடியன் சொல்லாமலே பெட்டியில் ஈரப் பாசி வைப்பான். தன்னிடம் பேச முடியாத உயிருக்கு என்ன வேண்டும் என்று அவன் அங்கேதான் படித்தான். போன வருடம் சொந்தச் செலவில் கொழும்பு போனபோது வில்பத்துவில் வெங்கிணாந்தி என்ற மலைப்பாம்பைக் காட்டில் பார்த்தான். கிட்டே போகவே இல்லை, தூரத்தில் நின்று பார்த்துக்கொண்டே இருந்தான்.

செங்கல்பட்டான்

அண்ணா, அதை நான் ஏற்றுக்கொள்கிறேன். வளர்ப்பில் பிறந்தது, சின்ன இனம், கடைசிவரை வைத்திருக்கும் ஆள், இந்த மூன்றும் இருந்தால் எனக்கு மறுப்பு இல்லை. நம் ஊருக்கு மட்டும் வேண்டாம் என்பதில் நான் மாறமாட்டேன். வரப்புக்குப் போனாலே பார்க்கலாம்.

மழைக்குருவி

எல்லோருக்கும் மிக்க நன்றி. எழுத்தாணி ஐயா எழுதியதை அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன், குரங்குகள் பற்றிய பகுதியை மறுபடி படிக்கச் சொன்னார்.

டொராண்டோ விதியைப் பார்த்துவிட்டோம். மூன்று மீட்டருக்கு மேல் வளரும் பாம்பும் விஷப் பாம்பும்தான் கூடாது, கார்ன் ஸ்நேக்குக்குத் தடை இல்லை. கணவர் தோழியின் வீட்டுக்குத் தானும் வருகிறேன் என்று வந்தார். அந்தப் பாம்பைத் திருப்பிக் காட்டினார்கள். மேலே ஆரஞ்சு, வயிற்றில் கறுப்பும் வெள்ளையுமாகச் சதுரங்கக் கட்டம். கை நீட்டவில்லை, ஆனால் நாற்காலியை விட்டு எழுந்து வந்து குனிந்து பார்த்தார். மகள் அதைத்தான் கவனித்துக்கொண்டிருந்தாள்.

ரூர்க்கரை தம்பி சொன்னபடி பெட்டியை முதலில் வாங்குகிறோம். குளிர்காலம் முழுக்க அவள் வெப்பத்தைக் குறித்து வைக்கட்டும், உறைய வைத்த எலியை உருக்குவதற்கு அவள் மனம் ஒப்புகிறதா என்றும் தெரிந்துவிடும். வசந்தத்தில் முடிவு செய்வோம். பெட்டி விஷயத்தில் எதைக் கவனிக்க வேண்டும்?

ரூர்க்கரை

மூடிதான் முதல் விஷயம். கார்ன் ஸ்நேக் தப்பிப்பதில் கெட்டிக்காரப் பாம்பு, குட்டி பென்சில் தடிமன்தான் இருக்கும். மூடிக்குப் பூட்டு அல்லது கிளிப் இல்லாத பெட்டியை வாங்காதீர்கள், ஒயர் போகும் ஓட்டையையும் பாருங்கோ. வெப்பத்தட்டுக்கு சூட்டைக் கட்டுப்படுத்தும் தெர்மோஸ்டாட் கட்டாயம், சூடான பக்கம் 29, 30 டிகிரி, மற்றப் பக்கம் அறை வெப்பம். ஒளிந்துகொள்ள இரண்டு பக்கமும் ஒவ்வொரு குகை. ஒரு பக்கம் மட்டும் வைத்தால் பாதுகாப்பா வெப்பமா என்று அது தவிக்கும்.

மருந்துப்பெட்டி

எலியை மைக்ரோவேவில் வைக்காதீர்கள், ஒரு பக்கம் வெந்து இன்னொரு பக்கம் குளிர்ந்திருக்கும். முந்தின இரவு ஃபிரிட்ஜில் இறக்கி வைத்து, கொடுப்பதற்கு முன் பைக்குள் போட்டு வெந்நீரில் வையுங்கள். நீண்ட இடுக்கியால் கொடுக்க வேண்டும், கையால் கூடாது. சாப்பிட்ட பிறகு இரண்டு நாள் தூக்கக் கூடாது, கக்கிவிடும். பெட்டி வந்ததும் படம் போடுங்கள், பார்த்துச் சொல்கிறேன்.